போலீஸ் வண்டிக்கு ஒரு முகம்

அந்தக் காரை நான் வாங்கியிருக்கவே கூடாது. இரும்பு வியாபாரி இரும்பை இரும்பாகத்தான் பார்க்க வேண்டும். எடை போடு, வெட்டு, லோடு ஏற்று, அடுத்த வேலையைப் பார். அதில் அழகு பார்க்க ஆரம்பித்தவன் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்று பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வாய் கிழிய உபதேசம் செய்தவன் நானேதான்.

தொண்ணூறுகளின் கடைசி. போலீஸ் இலாகா கழித்துப் போட்ட வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வடசென்னை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து நாங்கள் சில பேர் கிளம்பிப் போனோம். யார் எந்த வண்டியைக் கேட்பது, யார் சும்மா ஒரு விலை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது என்பதையெல்லாம் வழியில் டீக்கடையிலேயே பேசி முடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். என் பங்குக்கு வந்தவை இரண்டு ஜீப்பும் கூரை நசுங்கிய ஒரு வேனும். அவற்றைப் பார்க்கப் போன இடத்தில்தான், ஏல மைதானத்தின் கடைசி வரிசையில், காக்கை எச்சமும் வேப்பஞ்சருகும் மூடிக் கிடந்த அந்தக் காரைப் பார்த்தேன்.

நீளமாக, தரையோடு தாழ்ந்து நிற்கிற பழைய மாடல் கான்டெஸா. விரட்டிப் பிடிப்பதற்கென்றே வேகமான எஞ்சின் வைத்த கார்கள் சிலவற்றை ஒரு காலத்தில் வாங்கினார்களாம். மற்றதெல்லாம் மோதியும் துருவேறியும் போய்விட்டது, மிஞ்சியது இது ஒன்றுதான் என்று அங்கே காவலுக்கு நின்ற ஏட்டு சொன்னார். கூரையில் சுழல்விளக்கு இருந்த இடத்தில் ஓட்டை. வயர்லெஸ் பெட்டியைப் பிடுங்கிய இடத்தில் வயர்கள் தொங்கின. கதவில் இருந்த எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஆனாலும் சற்று ஒதுங்கி நின்று பார்த்தால் 'காவல்' என்று தெரிந்தது. முன்பக்கம்தான் ரொம்ப மோசம். கிரில், ஹெட்லைட், அதைச் சுற்றியிருக்கிற சட்டம் எல்லாவற்றையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

எனக்கு அந்தக் காரைத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த புதிதில், ராயபுரத்தில் சித்தப்பாவின் கடையில் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம் சைரன் அலற அது ஒரு லாரியைத் துரத்திக்கொண்டு போனது. மீன்பாடி வண்டி, ரிக்ஷா, பஸ் எல்லாம் ஓரம் கட்டின. எனக்கு அந்த ஊரில் அதுவரை யாரும் வழிவிட்டதில்லை. நான் வாயைத் திறந்தாலே 'ஏலே' என்று கேலி செய்தார்கள். ஊரே ஒதுங்கி வழிவிடுகிற ஒரு வண்டியில் ஒரு தடவையாவது உட்கார்ந்து போகவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். வயது ஏறி, சொந்தக் கடை வைத்து, எல்லாரும் மரியாதையாக 'அண்ணாச்சி' என்று கூப்பிடுகிற காலத்திலும் அந்த ஆசை மட்டும் அப்படியே இருந்திருக்கிறது பாருங்கள். ஒப்பந்தத்தை மீறிக் கையைத் தூக்கிவிட்டேன். கூட வந்தவர்கள் என்னை வெறித்துப் பார்த்தார்கள்.

லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து என் யார்டில் நிறுத்தியபோது என் மனைவி வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"கூறு கெட்டுப் போச்சா உங்களுக்கு? மூஞ்சி இல்லாத கார இழுத்துட்டு வந்திருக்கிய. இதுல ஏறி எந்தச் சீமைக்குப் போவப் போறிய?"

"கோயில் கொடைக்கு ஊருக்குப் போவோம்" என்றேன்.

"நான் பஸ்ஸுலயே வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேறு ஆள் ஆனேன். கடலோரக் காற்று காரின் தரைத் தகட்டை அரித்திருந்தது. என் கடையிலேயே நல்ல தகடாகப் பார்த்து எடுத்து ஒட்டு வைத்தோம். டிங்கரிங் செய்கிறவர் வந்து நெளிசலைத் தட்டி எடுத்தார். மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, "ஆளு இன்னும் சோக்காதான் கீறான் அண்ணாச்சி" என்றார். அது முதல் தடவை உறுமியபோது யார்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். எல்லாம் ஆனது. முகம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த மாடல் கிரில் கடைகளில் இல்லை, பழைய சாமான் மார்க்கெட்டிலும் இல்லை.

கடைசியில் பழைய பார்ட்ஸ் வாங்கித் தருகிற தரகன் ஒருவனைக் கூப்பிட்டனுப்பினேன். அவன் காரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"இன்னா அண்ணாச்சி, இந்த மாடலே இப்ப ரோட்ல கெடியாது. மூஞ்சி எப்டி இருக்கும்னே எனக்குத் தெர்ல. சாம்பிள் எதுனா கீதா?"

எங்கள் மார்க்கெட்டில் சாம்பிள் இல்லாமல் யாரும் ஒரு நட்டுகூட வாங்க மாட்டார்கள். வாயால் சொல்லி அனுப்பினால் வேறு எதையாவது தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதனால் கையில் ஒரு துண்டைக் கொடுத்து, 'இதே மாதிரி' என்றுதான் ஆள் அனுப்புவோம். அந்தப் பழக்கம் நாக்கிலேயே ஊறிப்போயிருந்தது.

"திருவொற்றியூர் தேரடிகிட்ட கறுப்பா ஒரு கல்யாணக் கார் நிக்குமே, பாத்திருக்கியா? அதுவும் இதே வண்டிதான். போய் அது மூஞ்சிய நல்லாப் பாத்துக்கோ."

"அதே மாதிரி வோணுமா?"

"அச்சு அசல் அதே மாதிரி வேணும்."

"வுடு அண்ணாச்சி. நான் பாத்துக்கறேன்" என்றான்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு கோணிச்சாக்கை என் முன்னால் இறக்கினான். உள்ளே முழு முகமும் இருந்தது. கிரில், இரண்டு பக்க ஹெட்லைட், சட்டம், ஒரு கீறல் இல்லை. ஆசையாகக் கையில் எடுத்தேன். கிரில்லின் கம்பிகளுக்கு நடுவே ஒரு வெள்ளை நூல் சிக்கியிருந்தது. நூலில் காய்ந்த ரோஜா இதழ் ஒன்று, கொஞ்சம் ஜிகினா. கல்யாணத்துக்குக் காரின் முன்னால் மாலை கட்டி, மறுநாள் அறுத்தெடுக்கும்போது மிஞ்சுகிற நூல்.

"எங்கேருந்துடா கொண்டாந்த?" என்றேன்.

"இன்னா தமாஷ் பண்ற? நீதான சொன்ன, அச்சு அசல் அதே மாதிரின்னு."

அப்போதே அந்தச் சாக்கை அவன் தலையில் ஏற்றி, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வாடா நாயே என்று விரட்டியிருக்க வேண்டும். என் கோபம் ஊர் அறிந்தது. எடைக்கல்லைத் தூக்கி எறிந்தவன் என்று எனக்குப் பெயர் உண்டு. அன்றைக்கு அந்தக் கோபம் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையால் நூலை நெம்பி எடுத்துக் கீழே போட்டேன். அவன் போன பிறகு அந்த முகத்தைத் தூக்கிக் காரின் முன்னால் பொருத்தி வைத்து, பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தேன். ராயபுரத்தில் பார்த்த அதே கார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது.

மறுநாள் காலையில் டீக்கடையில் அதுதான் பேச்சு. தேரடி கல்யாணக் காருடைய மூஞ்சியையே பேத்துகினு பூட்டாங்களாம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். முகூர்த்த மாசத்தில் அவன் பொழப்பில் மண் விழுந்தது என்றார் இன்னொருவர். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு யார்டுக்கு ஓடினேன். இரும்பு வியாபாரி என்றாலே திருட்டுச் சாமான் வாங்குகிறவன் என்று ஏற்கெனவே ஊரில் ஒரு பேச்சு உண்டு. எல்லாவற்றையும் கழற்றி, பெயின்டரிடம் அனுப்பி, சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாக அடிக்கச் சொன்னேன். துருப்பிடிக்கும் என்று அவரிடம் காரணம் சொன்னேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதுதான் காரணம். முகம் ஏது என்று வீட்டிலும் யார்டிலும் கேட்டவர்களிடம் வெளியூரில் கிடைத்தது என்று சொல்லி வைத்தேன்.

இரண்டொரு நாளில் கல்யாணக் கார்க்காரரே என் கடைக்கு வந்து நின்றார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. எண்ணூரிலிருந்து காசிமேடு வரைக்கும் பாதிக் கல்யாண ஜோடிகளை ஏற்றிப்போனவர். அவரை நான் அதுவரை தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, உங்களாண்ட இதே மாடல் வண்டி கீதுன்னாங்க. மூஞ்சி மட்டும் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும். வர்ற முகூர்த்தம் பூரா புக்கிங். என் பொண்ணு கல்யாணமும் வைகாசில வச்சிகீறேன். இந்த வண்டி ஓடுனாதான் எல்லாம்."

பெயின்ட் காய்ந்து, புது மெருகோடு அது என் பின்னால்தான் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. கடவுளே வழி காட்டிவிட்டார் என்றுகூட நினைத்தேன். எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பணம் எதுவும் வேண்டாம் என்றேன். என் வண்டி சும்மா நிற்கிற வண்டிதானே, உங்களுடையது ஓடுகிற வண்டி என்று ஒரு வார்த்தை வேறு சொன்னேன்.

அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "என்னுது இவ்ளோ பளபளன்னு இருந்ததே இல்ல அண்ணாச்சி" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது.

அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில் அடுத்த பேச்சை எடுத்தார். "எடுத்தவன் யார்னும் தெரிஞ்சு போச்சு. என் மச்சான்தான். என் பொண்டாட்டியோட தம்பி."

அந்த மச்சானும் டிரைவர். அதே காரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருந்தவர். குடித்துவிட்டு வண்டியை எடுத்தார் என்று இவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். 'நான் இல்லாம அந்த வண்டி எப்டி ஓடுதுன்னு பாக்கறேன்' என்று அவர் தெருவில் நின்று கத்தியிருக்கிறார். அடுத்த வாரமே முகத்தைக் காணோம். வேறு யாரைச் சந்தேகப்படுவது? ஸ்டேஷனில் சொல்லிவிட்டார். கூப்பிட்டுப் போய் விசாரித்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது மச்சான் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாராம்.

"அத்தினி அடி வாங்கியும் ஒத்துக்கலையே அவன்! என்னா நெஞ்சழுத்தம்!" என்றார்.

ஒரு போலீஸ் வண்டியை அழகு பார்க்க நான் ஆசைப்பட்டதற்கு, யாரோ ஒரு மனுஷன் போலீசில் அடி வாங்கியிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அப்போது சொன்னால், என் கையால் கொடுத்த அந்தப் பளபளப்புக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். அவர் கிரில்லைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தோளில் சாத்திக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நான் ஊரில் பெரிய மனுஷன் ஆகிவிட்டேன். தேரடியில் கார் நிற்கிற இடத்திலெல்லாம் அவர் என் கதையைச் சொன்னார். எதிரே வருகிறவர்கள் எனக்குக் கும்பிடு போட்டார்கள். சரக்கு எடுக்க வந்தவர்கள் "நல்ல மனசு அண்ணாச்சி உங்களுக்கு" என்றார்கள். ஊர் எனக்கு வழிவிட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்தேன். என் மனைவி, "என்ன, அதுக்குள்ள சலிச்சிட்டா?" என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

வைகாசிக்கு முன்னால் கார்க்காரரும் அவர் மனைவியுமாகப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துக் கொடுத்த பிறகும் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது. பொண்ணுக்குத் தாய்மாமன் பட்டம் கட்டணும். எனக்குக் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தான். இவரு அவன மண்டபத்து வாசப்படி மிதிக்க வுட மாட்டேன்னுட்டாரு. அவன் பண்ணதுக்கு நானும் எந்த மூஞ்சிய வெச்சிகினு அவனக் கூப்புடறது? நீங்க எங்களுக்குப் பண்ணது கூடப் பொறந்தவன்கூடப் பண்ண மாட்டான். நீங்க வந்து நிக்கணும்ண்ணே."

கடைக்காரனைக் கூப்பிடுகிற 'அண்ணாச்சி' போய் 'அண்ணே' வந்திருந்தது. சொந்தத்தில் யாரையாவது நிற்க வையுங்கள், நான் வேறு ஊர், வேறு ஆட்கள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். சொந்தக்காரர்களெல்லாம் எதுக்கு வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்களாம். எனக்குப் பக்கத்தில் நின்ற என் மனைவி, ஒன்றும் தெரியாதவள், "இதுக்குப் போயி யோசிக்கியளே, நமக்கும் பொம்பளப் புள்ள இல்ல" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

கல்யாணத்தன்று பட்டுப்புடவை, வளையல், பூ, பழம் எல்லாம் வைத்த தாம்பாளங்களோடு மாமன் சீர் என்று மேளத்தோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேடையில் மாலையோடு குனிந்து உட்கார்ந்திருந்த பெண், நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்து, சட்டென்று என் தோளுக்குப் பின்னால் வேறு யாரையோ தேடினாள். சிறு வயதிலிருந்து தூக்கி வளர்த்த மாமனைத்தான் தேடியிருப்பாள். தங்கத் தகட்டுப் பட்டத்தை அவள் நெற்றியில் வைத்து, நூலைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட வேண்டும். இரண்டு தடவை போட்டும் முடிச்சு விழவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். மாமனுக்குப் பாசத்தில் கை ஓடவில்லை என்றாள் ஒருத்தி.

ஜோடியை வழியனுப்ப வெளியே வந்தேன். கறுப்புக் கார், அந்தப் பளபளப்பான முகத்தில் ரோஜா மாலையோடு நின்றது. எதிர்ப்பக்கம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல நகராமல் வரிசையாக நின்றன. இரண்டு லாரிகளுக்கு இடையில், வெளுத்துத் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு ஒருவர் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கார் கிளம்பியதும் அதோடு சேர்ந்து கொஞ்ச தூரம் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். அப்புறம் லாரி மறைத்துவிட்டது.

அந்த மச்சான் என் யார்டுக்கு வந்தது ஆடி மாசத்தில். அவரை அதற்குப் பிறகு யாரும் டிரைவர் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. லோடு ஏற்றுகிற வேலை கேட்டுத்தான் வந்தார். காற்றில் தார்ப்பாய் விலகி, கார் பாதி தெரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்றார்.

"இதுலேர்ந்து கழட்டித்தான் எங்க மாமாவுக்குக் குடுத்தியா அண்ணாச்சி? பெரிய மனசு உனக்கு."

காற்றில் அடித்துக்கொண்டிருந்த தார்ப்பாய் முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"பட்டம் கட்டிகினு எங்க அக்கா பொண்ணு எப்டி இருந்துச்சு? காரு கண்ணாடில வெயிலடிச்சு மூஞ்சி தெர்ல எனக்கு."

"மகாலட்சுமி மாதிரி இருந்தா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். காரை விட்டு என் பக்கம் திரும்பினார். "சாமி சத்தியமா நான் எடுக்கல அண்ணாச்சி. குடிச்சது மெய்தான், கத்துனதும் மெய்தான். மெய்யாலுமே நான் எடுக்கல. ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். நீ நம்புறியா?"

"நம்புறேன்" என்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ ஒருத்தன் நம்புனா போதும். அக்காவாண்ட ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். அவர் போனதும் கேஸ் கட்டிங் ஆளைக் கூப்பிட்டுக் காரை வெட்டச் சொன்னேன். மெக்கானிக் வந்து என்னைத் திட்டித் தீர்த்தார். அவர் திட்டியது போதவில்லை எனக்கு.

கொடுத்த வாக்குக்காக அந்த ஞாயிற்றுக்கிழமையே தேரடிப் பக்கம் கார்க்காரர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்றுதான் போனேன். கார்க்காரர் சவாரி போயிருந்தார். அந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"உன் தம்பி அதை எடுக்கலம்மா" என்றேன்.

அவள் முகம் ஒரு நொடியில் மாறிவிட்டது. அத்தனை நாளும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. "மெய்யாவாண்ணே? உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்றாள்.

சுவரில் கல்யாண போட்டோ மாட்டியிருந்தார்கள். அதில் பெண்ணுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"மனசுக்குப் படுது" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மனசு தங்கம்ண்ணே. எல்லாரையும் உங்கள மாதிரியே நெனைச்சிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு, காபி ஆறுது குடிங்க என்றாள்.

குடித்தேன்.